ஒரு காது மட்டும் குத்திய ஞாயிற்றுக்கிழமை

என் அண்ணன் மடியில் என் மகள் உட்கார்ந்திருக்கிறாள். அண்ணன் உட்கார்ந்திருப்பது நடுவர் நாற்காலியில். அந்த நாற்காலி இருப்பது ஒரு பள்ளிக்கூட மேசையின் மேல். ஆசாரி பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி நின்று, பெண்பிள்ளை என்பதால் இடது காதை முதலில் பிடித்து, தங்கக் கம்பியை ஏற்றி முறுக்கிவிட்டார்.

பிள்ளை வீறிட்டாள். மைதானத்து வேப்பமரத்தில் இருந்த காக்கைகள் எல்லாம் எழும்பிப் போயின. மழை ஈரமும் சந்தன வாசனையும் சுண்ணாம்பு வாசனையும் கலந்து அடித்தன.

ஆசாரி அடுத்த கம்பியை எடுக்கக் குனிந்தார். அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து ஊதினார்.

“இடைவேளை முடிஞ்சுபோச்சு. ஆடுறவங்க உள்ள வாங்க.”

“ஏனுங்க மச்சான், இன்னொரு காது இருக்குதுங்களே!” என்று கீழே நின்ற என் நாத்தனார் பொன்னாத்தா கத்தினார்.

“அது ஆட்டம் முடிஞ்சப்பறம்ங்க,” என்றார் அண்ணன். பிள்ளையை மேலிருந்தபடியே நாத்தனார் கையில் இறக்கிவிட்டார். நெற்றியில் சந்தனம், கழுத்தில் மாலை, வாயில் விசில். இப்படி ஒரு நடுவரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

நான் பேட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். எத்தனையோ ஊரில் ஆடியிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு ஆடின மூன்றாவது ஆட்டம் மாதிரி ஒன்றை ஆடியதில்லை. ஏன் என்று சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

மஞ்சள் கம்பளிப் பந்து

போன வாரம் இந்தத் தொடரை என் கல்யாணத்தோடு நிறுத்தியிருந்தேன். அதைப் படித்த ஒரு சின்னப்பெண் வீடு தேடி வந்து, “பூப்பந்துன்னா இறகு வச்ச பந்துதானே பாட்டி?” என்று கேட்டுவிட்டுப் போனாள். எனக்கு வந்த கோபத்தில் அவளுக்குக் காபிகூடக் கொடுக்கவில்லை.

இறகுப்பந்து வேறு, எங்கள் பூப்பந்து வேறு. எங்களுடையது கம்பளி நூலைச் சுற்றிச் செய்த மஞ்சள் பந்து, எலுமிச்சம்பழத்தைவிடச் சற்றுப் பெரிது. பக்கத்துக்கு ஐந்து பேர். மண் தரை, சுண்ணாம்புக் கோடு, நடுவில் வலை. பந்து தரையைத் தொட்டால் போச்சு. இருபத்தொன்பது புள்ளி எடுத்தால் ஒரு ஆட்டம், மூன்றில் இரண்டு ஆட்டம் எடுத்தவர்களுக்கு வெற்றி. ‘பால் பேட்மிண்டன்’ என்று பேர் சொல்லுவோம். அந்தக் காலத்தில் திண்டுக்கல்லில் சாயந்திரமானால் கொஞ்சம் மண்தரை இருந்த இடத்திலெல்லாம் இந்தப் பந்துச் சத்தம் கேட்கும்.

கம்பளிப் பந்துக்கு ஒரு குணம் உண்டு. பனி பட்டால் கனக்கும், மழை பட்டால் கல்லாகும், காற்று அடித்தால் சொன்ன பேச்சுக் கேட்காது. என் வீட்டுக்காரர் இதைக் கேட்டுவிட்டு, “அப்ப உன்னையப் பாத்துத்தான் செஞ்சிருக்கான்,” என்பார்.

எனக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தது யாருமில்லை. எங்கள் ஊர் அகரம். அண்ணன் தங்கவேலும் அவர் கூட்டாளிகளும் களத்துமேட்டில் ஆடும்போது பந்து வெங்காயக் காட்டுக்குள் போய் விழும். எடுத்துப் போட ஒரு ஆள் வேண்டுமே, அதற்கு நான். கையால் போடுவது அலுத்துப்போய்ப் பழைய பேட்டு ஒன்றால் அடித்துப் போட ஆரம்பித்தேன். ஒருநாள் ஆள் குறைந்தது. “ஏலே, உன் தங்கச்சிய நிப்பாட்டுடா,” என்றார்கள். நின்றேன். பிறகு என்னை யாராலும் நகர்த்த முடியவில்லை.

பள்ளிக்கூடத்து அணி, அப்புறம் ஜில்லா அணி. அந்தப் பெயரை வைத்தே திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் டிரில் டீச்சர் வேலை கிடைத்தது. எனக்குச் சோறு போட்டது படிப்பு இல்லை, அந்த மஞ்சள் பந்துதான். இதை நான் வெட்கப்படாமல் சொல்லுவேன்.

பாலும் பேட்டும்

கல்யாணத்துக்குப் பின் ஆட ஒரு தடையும் வரவில்லை. என் வீட்டுக்காரர் ஒட்டன்சத்திரத்துக்காரர், அங்கேயே காய்கறி மண்டியில் வேலை. விடிவதற்கு முன் திண்டுக்கல்லில் பஸ் ஏறிப் போய்விட்டு மத்தியானம் திரும்புவார். சாயந்திரம் மைதானத்துக்கு என்னைச் சைக்கிளில் கொண்டுவந்து விடுவார். பெண்டாட்டி அடிக்கிற பந்தைப் பார்த்துக் கைதட்ட அந்தக் காலத்தில் ஒரு தைரியம் வேண்டும். அது அவருக்கு நிறைய இருந்தது. மண்டியில் கேலி பேசினவர்களிடம், “நீங்களும் வந்து டிக்கெட் வாங்கிப் பாருங்க,” என்று சொல்லிவிட்டு வந்தாராம்.

மகள் மல்லிகா பிறந்த பிறகுதான் தாளம் தப்பியது.

பிள்ளைக்கு நாலு மாதம் ஆனபோது மறுபடி மைதானத்தில் இறங்கினேன். கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிய வெள்ளைப் புடவை, இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டிய தலைப்பு, காலில் கான்வாஸ் ஷூ. பார்க்க எல்லாம் பழையபடிதான். ஓடினால்தான் தெரிந்தது, இடுப்பு ஒரு பக்கம் போகிறது, மூச்சு ஒரு பக்கம் போகிறது.

அதோடு பால். ஆண்கள் படிக்கிற பத்திரிகையில் இதை எழுதலாமா என்று ஆசிரியர் யோசிக்கக்கூடும். எழுதாமல் என் கதையைச் சொல்ல முடியாது. பிள்ளை அழுதால் பால் தானாக இறங்கிவிடும். என் பிள்ளைதான் என்றில்லை, மைதானத்தில் எந்தப் பிள்ளை அழுதாலும் இறங்கும். சுண்டல் விற்கிறவள் மகன் அழுதாலும் எனக்கு ரவிக்கை நனையும். உள்ளே இரண்டு மடிப்பாய்த் துண்டு வைத்துக் கட்டிக்கொண்டு ஆடுவேன்.

ஒரு ஆட்டம் முடிந்ததும் விளையாட்டுச் சாமான் வைக்கிற அறைக்குள் ஓடுவேன். என் வீட்டுக்காரர் கதவுக்கு முதுகைக் கொடுத்து நிற்பார். உள்ளே பிள்ளை குடிக்கும். நான் எதிரணியில் யார் எந்தக் கையால் அடிக்கிறாள் என்று யோசித்துக்கொண்டிருப்பேன். விசில் ஊதினதும் பாதியில் பிடுங்கிக் கொடுத்துவிட்டு ஓடினால், “இவ பாவம் இல்லியா பாக்கியம்?” என்று கேட்பார். பாவம்தான். நானும் பாவம்தான்.

நாத்தனார் வைத்த கெடு

பொன்னாத்தா மதினி என் வீட்டுக்காரருக்கு அக்கா. தாய் தகப்பன் இல்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கினவர். ஒட்டன்சத்திரம் பக்கம் தக்காளியும் முருங்கையும் போட்டு, லாரிக்காரனிடம் தானே விலை பேசுகிற பெண்பிள்ளை. அவரிடம் ஒரு வழக்கம். சந்தோஷமாக இருந்தால் என்னை ‘ஏம்புள்ள’ என்று வாய் நிறையக் கூப்பிடுவார். கோபம் வந்தால் மரியாதை ஏறிவிடும்.

பிள்ளைக்கு ஏழாம் மாதம் இருக்கும். மைதானத்திலிருந்து நான் வர இருட்டிவிட்டது. பிள்ளை பசித்து அழுது தொண்டை கட்டியிருந்தாள். ஊரிலிருந்து வந்திருந்த மதினி வாசலிலேயே நின்றிருந்தார்.

“ஏனுங்க டீச்சரம்மா, வந்துட்டீங்களா?”

எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

சாப்பிட்டு முடித்த பிறகு தம்பியையும் என்னையும் உட்கார வைத்துத் தீர்ப்புச் சொன்னார். “நான் ஆட வேண்டாம்னு சொல்லல. ஆனா எதுக்கும் ஒரு முடிவு வேணுமில்ல? புள்ளைக்குக் காது குத்தற வரைக்கும் ஆடிக்கட்டும். காதுல தோடு ஏறுன அன்னிக்குப் பேட்டக் கீழ வெச்சறோணும்.”

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அந்த நேரத்துக்கு அது பெரிய சலுகையாகத்தான் பட்டது. படுத்த பிறகு கணக்குப் போட்டேன். எங்களில் ஒற்றைப்படை மாதத்தில்தான் காது குத்துவார்கள். ஒன்பதாம் மாதத்தில் பிள்ளைக்குச் சளி. பதினோராம் மாதம் என்று முடிவாயிற்று. மொட்டை அவர்கள் குலதெய்வக் கோயிலில் முடிந்திருந்தது. காது மட்டும் தாய்மாமன் ஊரில், அகரத்து அம்மன் கோயிலில்.

மதினி நாள் பார்த்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. பகல் பன்னிரண்டுக்கு எமகண்டம், அதற்குள் முடித்துவிட வேண்டும்.

அதே ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் மதுரை அணியோடு எங்களுக்கு இறுதிப் போட்டி.

இரண்டு இடத்துக்கும் வேண்டிய ஒரு ஆள்

காலை ஏழு மணிக்கு ஆட்டம். ஒன்பதுக்குள் முடித்து வண்டி பிடித்தால் தாராளமாக அகரம் போய்விடலாம். அண்ணனும் அப்படித்தான் சொன்னார். நடுவர் பரீட்சை எழுதித் தேறியவர் எங்கள் வட்டாரத்தில் அவர் ஒருவர்தான். சொந்தத் தங்கை ஆடும்போது அண்ணன் நடுவரா என்று நீங்கள் கேட்கலாம். மதுரைக்காரர்கள்தான் அவரை வேண்டுமென்று கேட்டு வாங்கினார்கள்.

மதுரை அணிக்குத் தலைவி ஸ்டெல்லா டீச்சர். மூன்று பிள்ளை பெற்றவர், அடித்தால் பந்து விம்மும். அவர் என்னிடமே சொன்னார்: “ஒங்க அண்ணன் இருந்தா எங்களுக்கு ஆறாவது ஆளு மாதிரில்ல.”

உண்மை. பாசம் என்று யாரும் சொல்லிவிடக்கூடாதே என்று, எனக்கா எதிரணிக்கா என்று சந்தேகமான புள்ளி எல்லாவற்றையும் எதிரணிக்கே கொடுப்பார். சின்ன வயதில் களத்துமேட்டிலும் அப்படித்தான். இதற்காக நான் அவரோடு ஒரு மாதம் பேசாமல் இருந்ததும் உண்டு.

எல்லாம் சரியாக இருந்தது. மழைதான் கேட்கவில்லை. விடிகாலையில் பிடித்து ஊற்றிவிட்டது. ஆடுகளமெல்லாம் குளம். மைதானத்து ஆட்கள் தண்ணீரை வாளியில் அள்ளி இறைத்து, மணலும் உமியும் கொட்டி, மறுபடி சுண்ணாம்பு போட்டு முடிக்கையில் பத்து மணி தாண்டிவிட்டது.

முதல் ஆட்டம் நாங்கள் எடுத்தோம். இரண்டாவது அவர்கள் எடுத்தார்கள். கடைசிப் புள்ளி முடிந்து திரும்பிப் பார்க்கிறேன், மைதானத்து வாசலில் ஒரு கூண்டுவண்டி வந்து நிற்கிறது.

முதலில் ஆசாரி இறங்கினார். பிறகு சீர்த்தட்டு இறங்கியது. வாழைப்பழம், தேங்காய், ஒரு பெரிய அடுக்கில் காப்பரிசி. கடைசியாக, பட்டுப்பாவாடை சுற்றிய என் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு மதினி இறங்கினார். பின்னால் என் வீட்டுக்காரர், திருடிப் பிடிபட்டவர் மாதிரி.

“ஏனுங்க டீச்சரம்மா,” என்றார் மதினி. “கோயில்ல சாமி கும்புட்டாச்சு. தாய்மாமன் மடி இல்லாம காது குத்த முடியாது. மடி இங்க ஏறி உக்காந்திருக்குதுன்னாங்க. அதான் காதக் கொண்டாந்துட்டேன்.”

அண்ணன் நாற்காலியை விட்டு இறங்க மாட்டேன் என்றார். ஆட்டம் முடியும்வரை நடுவர் இறங்கக்கூடாதாம். மதினியும் சளைக்கவில்லை. மாலையை ஒரு கம்பில் மாட்டி மேலே நீட்டி அவர் கழுத்தில் போட்டார். சந்தனக் கிண்ணம் ஏறியது. பிள்ளை ஏறினாள். வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்துக்கு ஒரே கொண்டாட்டம். மதுரை அணிக்காரிகள் ஐந்து பேரும் கை நிறையக் காப்பரிசி வாங்கி மென்றார்கள்.

அப்படித்தான் இடது காது குத்தியாயிற்று. வலது காதுக்குப் போவதற்குள் அண்ணன் விசில் ஊதிவிட்டார்.

மூன்றாவது ஆட்டம்

என் நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இந்த ஆட்டம் முடிந்தால் இன்னொரு காது. இன்னொரு காது முடிந்தால் என் ஆட்டம் மொத்தமும் முடிந்தது. இதுதான் கடைசி. ஆனால் எமகண்டத்துக்குள் முடிக்க வேண்டுமானால் சீக்கிரம் முடிக்க வேண்டும். சீக்கிரம் முடிக்கச் சுலபமான வழி தோற்பது.

பிள்ளை அழுகையை நிறுத்தவில்லை. உள்ளே வைத்திருந்த துண்டு நனைந்து கனத்தது. எனக்கு ஆட்டத்தில் புத்தியே இல்லை. வந்த பந்தையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு அடித்தேன். பாதி வலையில், பாதி வெளியில். மதுரைக்காரிகள் மளமளவென்று ஏறிப்போனார்கள்.

ஸ்டெல்லா டீச்சர் வலைக்குப் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னார்: “ஏங்க, பிள்ளைக்காகத் தோத்தீங்கன்னு நாளைக்கு ஊரு பேசும். எனக்கு அந்தக் கப்பு வேணாம். ஒழுங்கா ஆடுங்க.”

அந்தச் சமயம் கூட்டத்தில் ஒருத்தன் குரல் கொடுத்தான். “பச்சப்புள்ளக்காரிக்கு எதுக்குய்யா பேட்டு? போய்ப் பாலக் குடுக்கச் சொல்லுங்கய்யா!”

கொஞ்சம் பேர் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது.

மதினி திரும்பினார். இடுப்பில் பிள்ளையோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவன் முன்னால் போய் நின்றார்.

“ஏனுங்க சாமி,” என்றார். அந்த மரியாதையின் அர்த்தம் எனக்குத் தெரியும், பாவம் அவனுக்குத் தெரியாது. “அவ பால் குடுத்துப்போட்டுத்தான் வந்திருக்கறா. குடுக்கலைன்னா கேக்கறதுக்கு நான் இருக்கறேன். நீங்க என்ன, எங்கூட்டுக்குச் சம்பந்தியா?”

அவன் எழுந்தே போய்விட்டான். மதினி அங்கிருந்தபடியே என் பக்கம் திரும்பினார்.

“ஏம்புள்ள! கடனேன்னு எதுக்கு அடிக்கற? அடிச்சா ஒழுங்கா அடி. இல்லைன்னா இம்புட்டு நேரம் எம்புள்ள எதுக்கு அழுதுது?”

‘ஏம்புள்ள’ என்றார். அதைக் கேட்டதும் என் கைக்கு உயிர் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு நான் ஆடிய ஆட்டத்தை நானே புகழ்ந்துகொள்ளக் கூடாது. கூட ஆடினவர்கள் இருந்தால் அவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஈரத்தில் பந்து கனத்துக் கிடந்தது. அதைத் தூக்கித் தூக்கிப் பின்மூலைக்கு அனுப்பினேன். ஸ்டெல்லா டீச்சரும் விடவில்லை. ஒரு புள்ளிக்குப் பந்து அங்கும் இங்கும் போய்க்கொண்டே இருக்கும், கீழேயே விழாது. நடுவில் மாதாகோயில் மணி அடித்தது. பன்னிரண்டு.

என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்தார். மதினி மணி வந்த திசையை ஒரு தரம் பார்த்தார். அப்புறம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கோட்டு ஓரத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். “அது பாட்டுக்கு அடிக்கட்டும். நீ ஆடு!”

இருவருக்கும் இருபத்தெட்டு. கடைசிப் பந்து என்னிடம் வந்தது. உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் கூட்டி எதிர்மூலைக்கு அடித்தேன். விழுந்தது.

“வெளியே,” என்றார் அண்ணன்.

ஆட்டம் முடிந்துவிட்டதால் இப்போது நாற்காலியை விட்டு இறங்கி வந்து காட்டினார். ஈரமண்ணில் பந்து பதிந்த தடம், கோட்டுக்கு ஒரு விரற்கடை வெளியே.

மதினி பிள்ளையோடு குனிந்து தடத்தைப் பார்த்தார். விரலை வைத்து அளந்தார். “மழைல சுண்ணாம்பு கரைஞ்சிருக்குதுங்க மச்சான். கோடு இன்னுந் தள்ளி இருந்திருக்கோணும்.”

“கோடு மழைக்கப்பறம் போட்டதுங்க.”

“போட்டவன் கோணலாப் போட்டிருப்பான்.”

“வெளிய விழுந்தா வெளியதாங்க.”

“தங்கச்சிக்கு ஒரு பந்து விட்டுக் குடுக்கமாட்டீங்களா? நீங்கெல்லாம் ஒரு தாய்மாமன்!” என்று மதினி அவர் கழுத்து மாலையைக் கழற்றி வாங்கிக்கொண்டு நடந்துவிட்டார்.

நான் சாமான் அறைக்குள் போய் உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்தேன். கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. தோற்றதற்கு அழுதேனா, இனிமேல் ஆட முடியாது என்று அழுதேனா, எனக்கே தெரியவில்லை. மதினி உள்ளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். முந்தானையில் முடிந்து வைத்திருந்த காப்பரிசியை எடுத்து என் வாயில் போட்டார்.

“நூல் உருண்டையத் தட்டறதுக்கு என்ன இவ்வளவு ஆர்ப்பாட்டம்னு நெனச்சிருந்தேன்,” என்றார். “நீ அந்த மூலைக்கும் இந்த மூலைக்கும் ஓடுனப்ப நானும் கூடவே ஓடுனாப்பல இருந்துது புள்ள.”

பிள்ளையின் வலது காதை விரலால் நீவிவிட்டார்.

“இது இன்னும் பாக்கி இருக்குதில்ல? அடுத்த வருசம் அந்த மதுரைக்காரிகளத் தோக்கடிச்சுப்போட்டு வந்து குத்திக்கலாம்.”

நாள் சரியில்லை

அடுத்த வருஷம் தோற்கடித்தோம். ஸ்டெல்லா டீச்சர் என் கையைப் பிடித்துக் குலுக்கின குலுக்கலில் வளையல் உடைந்தது. வீட்டில் கப்பை ஜன்னலில் வைத்தோம். மல்லிகா அதில் தன் மரப்பாச்சியைப் போட்டு மூடி மூடித் திறந்து விளையாடினாள். ஒரு காதில் தோடு, ஒரு காது வெறுமை. தெருவில் ஒருத்தி விடாமல் கேட்பாள், ஒன்று தொலைந்துபோயிற்றா என்று.

சொன்ன சொல் சொன்னதுதான். எங்கள் வீட்டிலேயே குத்துவதென்று நாள் குறித்தாயிற்று. அண்ணன் குளித்து வேட்டி மாற்றி நடுக்கூடத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். இந்தத் தடவை விசில் இல்லை. ஆசாரி கம்பியைத் தீயில் காட்டித் துடைத்துக்கொண்டிருந்தார். நான் என் பேட்டைத் துணியில் சுற்றிப் பரண்மேல் போட எடுத்து வைத்திருந்தேன். முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மதினி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார். துணி சுற்றின பேட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“ஏம்புள்ள, இன்னும் எத்தன வருசம் ஆட முடியும் உன்னால?”

“உடம்பு கேக்குற வரைக்கும் மதினி. நல்லா இருந்தா ஒரு அஞ்சாறு வருசம் ஓடும்.”

மதினி ஜன்னல் பக்கம் போனார். எங்கள் தெருவில் அன்றைக்கு இரண்டு கல்யாணம். இந்தக் கோடியில் ஒரு மேளம், அந்தக் கோடியில் ஒரு மேளம், இரண்டும் போட்டி போட்டுக்கொண்டு கெட்டிமேளம் வாசித்தன. அதை நன்றாகக் கேட்டுவிட்டு ஆசாரியிடம் திரும்பி வந்தார்.

“கோவிச்சுக்காதீங்க,” என்றார். “இன்னிக்கு நாள் சரியில்லீங்க. சாப்புட்டுப் போங்க, அப்பறமாச் சொல்லி அனுப்பறேன்.”